மேஸ்திரி சொன்னதும் அக்கா கேட்டதும்

வைகாசி மாதம் ஒரு ராத்திரி அக்கா போன் செய்தார். "டேய் தம்பி, மேஸ்திரி கூரைத் தளத்துக்குப் பணம் கேக்குறாரு. ஆயிரத்து முந்நூத்தி இருபத்தி நாலு அடின்னு கணக்குச் சொல்றாரு. நம்ம வீடு தொள்ளாயிரத்து அம்பது அடிதானடா? மிச்சம் எங்க இருந்து வந்துச்சு?"

உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது அந்த ஊர். வீட்டு வாசலில் இருந்து கடல் அரைக் கிலோமீட்டர்கூட வராது. அத்தான் சவுதியில் இருப்பதால் மனை அளந்ததில் இருந்து மூட்டை எண்ணுவது வரை எல்லாம் அக்கா தலையில்தான். நான் மதுரையில் கட்டட வேலைகளுக்கு மேற்பார்வை பார்க்கிறவன். 14 வருடம் இதே வேலையில் இருந்தும், அக்கா மேஸ்திரியோடு போட்ட ஒப்பந்தத்தை ஒரு தடவைகூட வாங்கிப் படிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனேன். 20 ரூபாய்ப் பத்திரத்தில் எட்டே வரி. சதுர அடிக்கு லேபர் இவ்வளவு. பெல்ட், தூண், ஜன்னல் கதவுக்கு மேல் வரும் லிண்டல், தளம், பூச்சு உட்பட. கட்டு வேலைக் கலவை ஒன்றுக்கு ஐந்து. தண்ணீர் வீட்டுக்காரர் பொறுப்பு. கீழே இரண்டு கையெழுத்து. பொய்யான ஒரு சொல்கூட அதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் மேஸ்திரி ஒரு மாதிரியும் அக்கா வேறு மாதிரியும் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆறு மாத வேலையில் யாருமே அதைக் கவனிக்கவில்லை.

மேஸ்திரி ஏமாற்றுக்காரர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் முப்பது வருடமாகக் கட்டுகிறவர். குண்டு நூல் பிடித்தால் சுவர் நூல் பிசகாமல் நிற்கும். சிக்கல் அவர் கையில் இல்லை, சொற்களில்தான் இருந்தது.

சதுர அடி எங்கே முடிகிறது

அக்கா, நான், மேஸ்திரி மூன்று பேரும் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தோம். தளம் வார்ப்பதற்கு முட்டும் பலகையும் கொடுக்கும் சென்ட்ரிங் வேலை முடிந்து, கம்பி பாதி கட்டியிருந்த நேரம்.

வெளிச்சுவரின் வெளிமுகத்தில் இருந்து வெளிமுகம் வரை 38 அடிக்கு 25 அடி. பெருக்கினால் 950. மேஸ்திரி வாய்க்கணக்கில் "ஒம்போதரைச் சதுரம்" என்பார். ஒரு சதுரம் என்பது 100 சதுர அடி. அக்கா மனதில் இருந்த அளவு இதுதான். ஆனால் சுவர்களின் கனத்தைக் கழித்து, காலால் மிதிக்கிற தரையை மட்டும் அளந்தால் 835 தான் வருகிறது. வெளியே ஒன்பது இஞ்சுச் சுவரும் உள்ளே நாலரைச் சுவரும் சேர்ந்து ஏறத்தாழ 115 சதுர அடியை எடுத்துக்கொள்கின்றன. பிளிந்த் ஏரியா என்றால் சுவரோடு சேர்ந்த அளவு, கார்பெட் ஏரியா என்றால் சுவர் நீங்கிய அளவு என்று பிளாட் விற்கிறவர்கள் பிரித்துச் சொல்வது இதைத்தான்.

மேஸ்திரி அளந்தது இந்த இரண்டும் இல்லை. தளத்தின் விளிம்பை அளந்திருந்தார். மழைச்சாரலுக்காக நான்கு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீட்டியிருந்ததால் 41 அடிக்கு 28 அடி, அதாவது 1,148. வாசல் போர்டிகோ 10 அடிக்கு 8 அடி, அதற்கு 80. மாடிப்படி அறை 12 அடிக்கு 8 அடி, அதற்கு 96. மொத்தம் 1,324. கூட்டலில் தப்பே கிடையாது.

"தம்பி, நாங்க எப்பவும் தளத்தை வச்சுத்தான் அளப்போம். முட்டுக் குடுத்தது, பலகை அடிச்சது, கம்பி கட்டினது எல்லாம் அந்த விளிம்பு வரைக்கும்தான? ஒன்றரை அடியை நான் சும்மாவா நீட்டினேன்?"

அவர் கேட்டது நியாயம். வெளியே நீட்டிய தளத்துக்கும் ஆள் நிற்க வேண்டும், பலகை பிடிக்க வேண்டும், கம்பி வளைக்க வேண்டும். ஆனால் அதன் கீழே சுவர் கிடையாது, பூச்சு பாதி, தரை கிடையாது. சுவர் எழுப்பிய இடத்துக்கும் அதற்கும் ஒரே கூலி என்பதைத்தான் அக்காவால் ஏற்க முடியவில்லை. அவர் பக்கமும் நியாயம்தான்.

திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். சுவர் சூழ்ந்த 950-க்கு முழுக்கூலி. மாடிப்படி அறைக்குச் சுவரும் கூரையும் உண்டு என்பதால் 96-க்கும் முழுக்கூலி. போர்டிகோவுக்குப் பாதி, 40. வெளியே நீட்டிய 198-க்கும் பாதி, 99. ஆக 1,185. அக்கா நினைத்ததை விட 235 கூடுதல், மேஸ்திரி கேட்டதை விட 139 குறைவு. இரண்டு பேருக்குமே கொஞ்சம் வலித்தது. ஆனால் எந்த அடி எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரிந்தே ஒத்துக்கொண்டார்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்னால் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டபோது இந்தக் கேள்வி வந்திருந்தால், பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் பேச்சு.

செப்டிக் டேங்க், தண்ணித் தொட்டி, சுற்றுச்சுவர் மூன்றும் அந்தச் சதுர அடிக்குள் வராது என்பதும் அன்றைக்குத்தான் அக்காவுக்குத் தெரிந்தது. லேபர் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இவை தனிக்கணக்கு.

பெல்ட்டில் மட்டும் சண்டை வரவில்லை. அந்தச் சொல்லிலும் இதே ஆபத்து உண்டு. அஸ்திவாரத்துக்கு மேல், சுவர் தொடங்கும் இடத்தில், வீட்டைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை அது. சிலர் கம்பியே இல்லாமல் மூன்று இஞ்சு கனத்துக்குக் கான்கிரீட் கொட்டிவிட்டு அதையும் பெல்ட் என்பார்கள். இங்கே வரைபடத்தில் 12 மி.மீ. கம்பி நான்கு, 8 மி.மீ. ரிங் என்று தெளிவாகப் போட்டிருந்தது. மேஸ்திரி அப்படியே செய்திருந்தார். படம் இருந்த இடத்தில் பேச்சுக்கே வேலை இல்லை.

ஒன்றுக்கு ஐந்து, எதில் ஐந்து

அளந்து முடித்துத் திரும்பும்போது பின்பக்கம் குளியலறைச் சுவர் ஏறிக்கொண்டிருந்தது. கலவை போடும் சித்தாள் அம்மாவிடம் கேட்டேன்.

"மூட்டைக்கு எத்தனை பாண்டுச் சட்டி மணல் போடுறீங்கம்மா?"

"இருபத்திரண்டு தம்பி. அப்பிடித்தான் சொல்லியிருக்காக."

50 கிலோ சிமெண்ட் மூட்டை ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. கலவை விகிதம் கொள்ளளவில் பேசப்படுவது. ஒன்றுக்கு ஐந்து என்றால் ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஐந்து மூட்டை அளவு மணல், அதாவது ஆறேகால் கன அடி. பாண்டுச் சட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. தட்டினால் ஒரு அளவு, கும்பாரமாக அள்ளினால் ஒரு அளவு.

சென்ட்ரிங்கில் மிச்சமான பலகையில் தச்சரைக் கொண்டு ஒரு பெட்டி அடித்தோம். உள்ளளவு நீளம் ஒரு அடி, அகலம் ஒரு அடி, உயரம் பதினைந்து இஞ்சு. சரியாக ஒன்றேகால் கன அடி. அந்த அம்மாவையே, வழக்கமாக அள்ளுகிற மாதிரி அள்ளிப் போடச் சொன்னேன். மூன்றாவது சட்டியில் பெட்டி விளிம்பு தட்டியது. அப்படியானால் ஐந்து பெட்டிக்கு 15 சட்டி. போட்டுக்கொண்டிருந்ததோ 22. ஒன்றுக்கு ஐந்து என்று எழுதியிருக்க, சுவருக்குள் போனது ஒன்றுக்கு ஏழைத் தாண்டிய கலவை.

மேஸ்திரி முகம் மாறிவிட்டது. அவர் திருடவில்லை, சிமெண்ட் அக்கா வாங்கியது, மிச்சம் பிடித்து அவருக்கு ஒரு லாபமும் கிடையாது. முன்னே வேலை பார்த்த இடத்தில் சட்டி சின்னது. எண்ணிக்கையை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஈர மணல் உப்பலாக நிற்கும் என்பதால் சட்டிக்கணக்கு நாளுக்கு நாள் வேறு மாறும். அன்றிலிருந்து பெட்டிதான் அளவு. வேலை முடிந்த பிறகும் அந்தப் பெட்டியை மேஸ்திரி கேட்டு வாங்கிப் போனார்.

மணல் வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரியில் வந்ததும் கொட்டச் சொல்லிவிடாமல், தொட்டியின் நீள அகலத்தையும் மணல் நிற்கும் உயரத்தையும் அளந்து பெருக்கிப் பாருங்கள். அஞ்சு நிமிட வேலை.

கவர்

இந்த வீட்டில் என்னைத் தூங்கவிடாத சொல் இதுதான். ஒப்பந்தத்தில் அது எழுதப்படவே இல்லை.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் நடுவே விடும் கனத்தைத்தான் கவர் என்கிறோம். சிமெண்டின் காரத்தன்மை கம்பியைத் துருவில் இருந்து காக்கும். கடலோரத்தில் காற்றோடு வரும் உப்பு, கான்கிரீட்டின் நுண்துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். அது கம்பியைத் தொட்டதும் அந்தக் காப்பு உடையும். துரு பிடித்த இரும்பு பல மடங்கு உப்பும். உப்பிய கம்பி கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். உப்பு கம்பி வரை நடக்க வேண்டிய தூரம்தான் கவர்.

சென்ட்ரிங் தகட்டின் மேல் குனிந்து, கம்பிக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். சில இடத்தில் விரல் நுழைந்தது, சில இடத்தில் நுழையவில்லை. கம்பியைத் தூக்கி நிறுத்த உடைந்த ஜல்லித் துண்டுகளைச் செருகியிருந்தார்கள். ஆள் மிதித்ததில் பாதி நழுவியிருந்தது. ஒரு மூலையில் கம்பி தகட்டோடு ஒட்டிக் கிடந்தது.

"கவர் விட்டிருக்கமே தம்பி, முக்கா இஞ்சு," என்றார் மேஸ்திரி.

முக்கால் இஞ்சு என்பது ஏறத்தாழ 20 மி.மீ. மதுரையில் வீட்டுக்குள் இருக்கும் தளத்துக்கு அது சரி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, அதன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, 20 மி.மீ. கவரும் எம் 20 கான்கிரீட்டும் போதும் என்று சொல்வது லேசான சூழலுக்கு. எம் என்பது கான்கிரீட்டின் பலத் தரம், எண் கூடக் கூடப் பலமும் கூடும். கடலோரப் பகுதியை அந்த லேசான வகையில் இருந்தே அது விலக்கிவைக்கிறது. கடலோரத்தில், உப்புக்காற்று நேரே படாமல் ஒதுங்கிய பகுதிக்கு 30 மி.மீ. கவர், குறைந்தது எம் 25. கடலோரச் சூழலுக்கு நேரே காட்டி நிற்கும் கான்கிரீட்டுக்கு 45 மி.மீ., குறைந்தது எம் 30. அலைத் தெறிப்புப் படுகிற இடம் என்றால் 50 மி.மீ., எம் 35. மேஸ்திரி சொன்ன முக்கால் இஞ்சு எந்த வகையிலும் இந்த ஊருக்குப் பொருந்தாது.

விதியைப் படித்துக் காட்டி இதைப் புரியவைக்க வேண்டிய அவசியம் வரவில்லை. அக்கா இப்போது குடியிருக்கும் பழைய வீட்டுக்கு மேஸ்திரியைக் கூட்டிப்போனேன். அப்பா காலத்துக் கான்கிரீட் வீடு. தெற்கு அறையில் அண்ணாந்து பார்த்தால் காரை பெயர்ந்து, கம்பி வரிவரியாகத் தெரியும். ஒரு கம்பியை நகத்தால் சுரண்டினேன். செதில் செதிலாக உதிர்ந்து கையில் விழுந்தது. பெயர்ந்து விழுந்த ஒரு சில்லை எடுத்து அதன் கனத்தை அளந்தோம். முக்கால் இஞ்சு. மேஸ்திரி அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

தென்கடல் பக்கத்து வீட்டுக்குக் கச்சான் காற்றுதான் சோதனை. மாதக்கணக்கில் தென்மேற்கில் இருந்து அடிக்கும். ஜன்னல் கம்பியில் நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். பாம்பனில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தார்கள். அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி பயன்படுத்தியிருப்பதும் இந்த உப்புக்காற்றுக்குப் பயந்துதான். சாதாரண வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. நமக்குக் கையில் இருக்கும் காவல் கவரும் நல்ல கான்கிரீட்டும்தான்.

கவரைக் கூட்டுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஐந்து இஞ்சுத் தளத்தில் கம்பியை மேலே தூக்கிவிட்டால் தளத்தின் பலம் குறைந்துபோகும். அதனால் மேஸ்திரியும் நானுமாக முடிவெடுக்கவில்லை. ராமநாதபுரத்தில் இருக்கும் ஒரு பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டினோம். தளத்தை ஆறு இஞ்சாக்கி, உத்திரங்கள் அந்தக் கூடுதல் எடையைத் தாங்குமா என்று பார்த்து, கம்பி இடைவெளியையும் திருத்திக் கொடுத்தார். வீட்டுக்குள் கீழ்ப்பக்கம் 30 மி.மீ., வெளியே நீட்டிய பகுதிக்கு 45 மி.மீ., கான்கிரீட் முழுவதும் எம் 30. சென்ட்ரிங் பக்கப் பலகையை ஒரு இஞ்சு உயர்த்தினார்கள். ஜல்லித் துண்டை எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, அளவாக வார்த்த கவர் பிளாக்குகளைக் கட்டுக்கம்பியால் கட்டினார்கள். இரண்டு நாள் கூலி கூடுதல். அதை அக்கா மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

தண்ணீர் வீட்டுக்காரர் பொறுப்பு

இந்த ஒரு வரியை அக்கா எப்படிப் புரிந்துகொண்டார் தெரியுமா? போர் போட்டு மோட்டார் வைத்துக் கொடுத்தால் போதும் என்று. கொடுத்தார். மேஸ்திரியும் வந்த தண்ணியில் வேலை பார்த்தார். அது சவர்த் தண்ணி என்று இரண்டு பேருக்கும் தெரியும். குடிக்கத்தானே ஆகாது, கட்டடத்துக்கு என்ன என்று இருந்துவிட்டார்கள்.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில், உப்பில் இருக்கும் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது அதே விதி. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை விடுகிறது. கடல் தண்ணியில் கலப்பதையும் ஆற்றுவதையும் வேண்டாம் என்கிறது. ராமநாதபுரத்தில் தண்ணீர் சோதனைக்குக் கொடுத்தோம். போர் தண்ணி 1,400. ஊருக்கு வெளியே மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணி 180. இந்தக் கரையில் மணல்மேட்டு ஊற்று ஏன் இனிக்கிறது என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும்: மழைத்தண்ணி கனம் குறைந்தது, உப்புத்தண்ணி மேல் மிதக்கும். ஆழமாகத் தோண்டத் தோண்ட உப்புதான் வரும். 

காற்றில் வரும் உப்பை நிறுத்தவாவது கவர் இருக்கிறது. கலவையோடு சேர்ந்து போகும் உப்பு முதல் நாளே கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். தளத்துக்கு, ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் வரவழைத்ததில் பாதிக் கவலை தீர்ந்தது. நீராற்றுவதற்கு ஊற்றுத் தண்ணி டேங்கரில் வந்தது.

தண்ணி விடுவது யார் வேலை என்பதும் அந்த ஒரே வரிக்குள்தான் ஒளிந்திருந்தது. மேஸ்திரி கணக்கில், தண்ணீர் வீட்டுக்காரர் பொறுப்பு என்றால் நனைப்பதும் வீட்டுக்காரர் வேலை. அக்காவோ, வேலையாட்கள் நனைத்துக்கொள்வார்கள் என்று இருந்தார். சுவர்கள் பல நாள் காய்ந்தே கிடந்தன. உலைச்சாம்பல் போன்றவை கலந்து வரும் சிமெண்டில் கான்கிரீட் போட்டால் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். தளத்தில் சிமெண்டும் மணலும் குழைத்துப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினோம். காலையும் மாலையும் அக்காவே மாடியேறி நிரப்பினார். பதினான்கு நாள் அந்தத் தளம் காயவே இல்லை.

இடையில் ஒரு நாள், பழைய சுற்றுச்சுவரை இடித்த கல்லைத் தரை நிரவலுக்குப் போடலாமா என்று மேஸ்திரி கேட்டார். பார்த்தால் எல்லாம் பவளப்பாறைக் கல். ஒரு காலத்தில் இந்தக் கரையில் அதுதான் செங்கல், அதைச் சுட்டால் சுண்ணாம்பு. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரிலும் அந்தக் கல்லைப் பார்க்கலாம். இன்றைக்குக் கடலில் இருந்து பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அப்படி வெட்டி எடுத்ததும் ஒரு காரணமாக, அவற்றில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. நம் வீட்டில் கிடந்தது பழைய கல்தான். ஆனாலும் உப்பு ஊறிய கல்லைத் தரைக்கு அடியில் போட்டால் சுவரில் உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும். தோட்டத்தில் வரப்பாக அடுக்கிவிட்டோம். கடற்கரை மணலில் நிரவச் சொல்கிறவர்களுக்கும் அக்கா இப்போது இதையே சொல்கிறார்.

தளம் போட்ட வாரம் புது ஒப்பந்தம் எழுதினோம். இந்தத் தடவை மூன்று பக்கம். பூச்சு என்று மட்டும் விடாமல், உள்ளே 12 மி.மீ., வெளியே 20 மி.மீ. என்று எழுதினோம். ஜன்னல் கதவு இடங்களைக் கழிப்பதா, பக்கவாட்டுப் பூச்சுக்கு ஈடாக விட்டுவிடுவதா என்று கேட்டு அதையும் எழுதினோம். கலவைக்குப் பெட்டி அளவு. நனைப்பது வீட்டுக்காரர், நனைக்கத் தவறினால் சொல்வது மேஸ்திரி. பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த இடத்தில் போய் நின்று, கை வைத்துக் காட்டிய பிறகுதான் எழுதினோம். மேஸ்திரிக்கு இது முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. கவர் பிளாக் வாங்கிக் கொடுத்தால்தான் தளம் போடுவேன் என்று அடுத்த வீட்டில் அவரே சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

திருத்த முடியாதது ஒன்று உண்டு. பன்னிரண்டு தூணும் நான் வருவதற்கு முன்பே வார்த்தாகிவிட்டது. முக்கால் இஞ்சுக் கவர், சவர்த் தண்ணி. வடக்கிலும் உள்ளேயும் இருப்பவை கொஞ்சம் தாங்கும். தெற்கே கடலைப் பார்த்து நிற்கும் நான்கு தூண்களின் வெளிமுகத்துக்குப் பொறியாளர் சொன்னபடி பாலிமர் கலந்த பூச்சும், அதன்மேல் உப்பு இறங்காமல் தடுக்கும் பெயிண்டும் கொடுத்தோம். பூச்சு கவருக்கு ஈடாகாது என்பதையும் அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதனால் வருடா வருடம் கச்சான் ஓய்ந்ததும் அந்த நான்கையும் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளல் சத்தம் கேட்டால் உடனே உடைத்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

போன ஐப்பசியில் முதல் தடவை தட்டினோம். அக்கா தட்ட, நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கிலும் கெட்டிச் சத்தம்தான்.